சொன்னதை எழுதுவோம், எழுதியதை வாசிப்போம்: தொடக்க வகுப்புக்கு ஓர் எளிய வழி

ஒன்றாம் வகுப்புக்கு முதன்முறையாகப் போகும் ஆசிரியருக்கும், வீட்டில் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தர உட்காரும் பெற்றோருக்கும் வரும் முதல் கேள்வி, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகவா? ட, ப, ம என்று எழுத எளிதான வடிவங்களிலிருந்தா? 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று தமிழில் 247 எழுத்துகள். அத்தனையையும் முடித்த பிறகுதான் வாசிப்பு என்று வைத்துக்கொண்டால், தனக்குப் பிடித்த ஒரு வரியைத் தானே படிக்கும் சந்தோஷத்துக்கு அந்தக் குழந்தை நெடுநாள் காத்திருக்க வேண்டும். பல குழந்தைகள் அதற்குள் ஆர்வம் போய் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு தொடக்கம் இருக்கிறது. குழந்தை வாயால் சொன்னதை அதன் கண்முன்னே எழுதுவது, எழுதியதை அதற்கே முதல் பாடமாக வைப்பது. கல்வியாளர்கள் இதை மொழி அனுபவ அணுகுமுறை என்பார்கள். இதற்கு ஒரு கரும்பலகை, சாக்பீஸ், கொஞ்சம் பழைய அட்டை, ஒரு கத்தரிக்கோல் இருந்தால் போதும்.

வகுப்பறைச் செயல்பாடு என்பது தமிழகப் பள்ளிகளுக்குப் புதிய விஷயம் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. குழந்தையின் உயரத்துக்குச் சுவரில் பூசிய கரும்பலகை, கற்றல் அட்டைகள், வகுப்பின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கும் பிள்ளைகளின் படைப்புகள் எல்லாம் அப்போது பரவலானவை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வரையிலான வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. ஆக, பாட்டு, ஆட்டம், பொம்மலாட்டம் என்று செயல்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. எது வாசிப்பைத் தருகிறது, எது பொழுதை மட்டும் போக்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரமம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். அந்த நேரத்தில் ஒவ்வொரு குழந்தையும் எத்தனை சொற்களைக் கண்ணால் பார்த்து வாசித்தது, எத்தனை சொற்களைக் கையால் எழுதியது? 'ஆ' என்ற எழுத்துக்கு ஆட்டுப் படம் வரைந்து, பஞ்சு ஒட்டி, வண்ணம் தீட்ட முக்கால் மணி நேரம் போகிறது. படம் அழகாக வரும், கைக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் அந்த நேரத்தில் குழந்தை பார்த்தது ஒரே ஓர் எழுத்து. அதை ஓவிய வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். வாசிப்பு நேரத்தில் சொற்கள்தான் புழங்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள்

செய்வது எப்படி என்று ஒரு வகுப்பை வைத்துப் பார்ப்போம். முந்தின நாள் நல்ல மழை. காலையில் பிள்ளைகள் வந்ததும் எல்லாருக்கும் பேச ஏதோ இருக்கிறது. ஆசிரியர் "என்ன ஆச்சு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்கிறார். அவர்கள் சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதுகிறார்:

நேத்து மழ பேஞ்சுச்சு.
கரண்டு போச்சு.
எங்க ஆடு நனஞ்சுச்சு.
பாட்டி சாக்கு போத்தி விட்டுச்சு.

நான்கு வரி போதும், கூடினால் ஐந்து. எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். வாயிலிருந்து வந்த சத்தம் எழுத்தாக மாறுவதைக் குழந்தை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறது. இடமிருந்து வலமாகப் போகிறோம், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம், வரி முடிந்தால் கீழே இறங்குகிறோம் என்பவை நமக்குச் சொல்லவே தேவையில்லாத சங்கதிகள். குழந்தைக்கு அவையும் பாடம்தான்.

அப்புறம் குச்சியால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். குச்சி சொல்லின்மேல் இருக்கும்போதே அந்தச் சொல்லைச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் அது மனப்பாடப் பாட்டாகிவிடும். பிறகு குச்சியைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம். "ஆடு எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு." "மழ எங்கே?" "ட்டு, டு, டி எல்லாம் எங்கெங்கே இருக்கு?" ஆட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளை அந்த வரியை விடவே விடாது.

அதே நான்கு வரிகளை நீளமான அட்டைத் துண்டுகளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் துண்டுகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லலாம். அதற்கடுத்த நாள் வரிகளைச் சொற்களாக வெட்டலாம். 'பாட்டி', 'ஆடு', 'மழ', 'நனஞ்சுச்சு' என்று கையில் கிடைத்ததும் பிள்ளைகள் தாங்களாகவே மாற்றி வைப்பார்கள். 'எங்க பாட்டி நனஞ்சுச்சு' என்று வைத்துவிட்டு வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு நல்ல அறிகுறி. வாசிக்காமல் அது வராது.

பேச்சா, எழுத்துத் தமிழா?

இங்கே பல ஆசிரியர்கள் தயங்குவார்கள். 'பேஞ்சுச்சு' என்று பலகையில் எழுதலாமா, மொழி கெட்டுவிடாதா என்று. என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: முதல் சில வாரங்கள் குழந்தை சொன்னபடியே எழுத வேண்டும். சொன்னது ஒன்று, பலகையில் வந்தது வேறு என்றால், எழுத்து என்பது தன் பேச்சைக் குறிக்கிறது என்ற அடிப்படையே குழந்தைக்குப் பிடிபடாமல் போகும். அது பிடிபட்ட பிறகு எழுத்துத் தமிழைப் பக்கத்தில் கொண்டுவரலாம். இடப்பக்கம் குழந்தைகள் சொன்னது, வலப்பக்கம்:

நேற்று மழை பெய்தது.
மின்சாரம் நின்றது.
எங்கள் ஆடு நனைந்தது.
பாட்டி சாக்கைப் போர்த்திவிட்டார்.

"இது நாம பேசுறது, இது புத்தகம் பேசுறது. எங்கெங்கே மாறியிருக்கு, கண்டுபிடிங்க" என்று சொன்னால் துப்பறிவதுபோலத் தேடுவார்கள். மழ என்பது மழை ஆனதும், நேத்து என்பது நேற்று ஆனதும், எங்க என்பதற்குப் பின்னால் ஒரு 'ள்' வந்ததும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இதில் எதையும் தப்பு என்று குறிக்கக் கூடாது. வீட்டில் அம்மா பேசுவதைப் பள்ளிக்கூடம் தப்பு என்று சொன்னால், பிள்ளை அதன்பிறகு வகுப்பில் வாயே திறக்காது. பேச்சு நின்றால் இந்த முறைக்கு ஆதாரமே போய்விடும்.

இதற்குத் துணையாக, தினமும் பத்து நிமிடமாவது ஆசிரியர் ஒரு கதைப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். கதையைச் சொல்வது வேறு. இங்கே புத்தகத்தில் உள்ள வரிகளை அப்படியே வாசிக்க வேண்டும். 'வந்தார்கள்', 'பெய்தது', 'என்று கேட்டான்' போன்ற வடிவங்கள் காதில் முதலில் பழகிவிட்டால், பிறகு பக்கத்தில் பார்க்கும்போது அவை அந்நியமாக இருக்காது.

கைதட்டல் சொல்லித் தரும் ரகசியம்

எழுத்துக்கு முன்னால் காது பழக வேண்டும். அதற்கு மிக எளிய விளையாட்டு, சொல்லை உடைத்துக் கைதட்டுவது. பாட்-டி, இரண்டு தட்டு. தக்-கா-ளி, மூன்று தட்டு. பம்-ப-ரம், இதற்கும் மூன்று தட்டு. பெயர்களை வைத்து ஆடினால் இன்னும் உற்சாகமாக இருக்கும். யார் பெயருக்கு அதிகத் தட்டு என்று போட்டியே நடக்கும்.

இப்போது பலகையில் 'பம்பரம்' என்று எழுதி எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து. தட்டியது மூன்று. மிச்சம் இரண்டு எங்கிருந்து வந்தன? இரண்டும் 'ம்'. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுதத் தொடங்கும் குழந்தைகள் பம்பரத்தை 'பபர' என்றும் அம்மாவை 'அமா' என்றும் எழுதுவது இதனால்தான். தான் தட்டிய தட்டுகளுக்குச் சரியாக எழுதியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று திட்டுவதை விட்டுவிட்டு, தட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்திருக்கும் புள்ளி எழுத்தைத் தேடச் சொன்னால் போதும். தட்டையும் எழுத்தையும் மாற்றி மாற்றி எண்ணிப் பழகிய வகுப்பில் புள்ளி விடுபடுவது வெகுவாகக் குறையும்.

இன்னொன்று. கடல், பகல், தங்கம் மூன்றிலும் உள்ள 'க'வைச் சொல்லிப் பாருங்கள். மூன்று விதமாக ஒலிக்கும். எழுத்து ஒன்றுதான். தனித்தனி எழுத்தாக மட்டும் கற்ற பிள்ளை பகலைப் 'பக்கல்' என்று வாசித்துவிட்டு, அர்த்தம் புரியாமல் நிற்கும். சொல்லோடு சேர்த்துப் பார்த்த பிள்ளைக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது, ஏனென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே அதன் வாயில் இருக்கிறது.

கொம்பும் காலும் பிள்ளைகளே

எழுத்துகளை வரிசையாகச் சொல்லித் தருவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிர்மெய் அட்டவணை அவசியம். அதை மனப்பாடமாக்குவதற்கு முன்னால் அதன் அமைப்பைப் புரிய வைக்க வேண்டும். தமிழில் உண்மையாகவே தடுமாற வைக்கும் இடம் கெ, கே, கை, கொ, கோ, கௌ. 'கெ' என்று சொல்லும்போது 'க்' முதலில், 'எ' பின்னால். எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால். ஒரே சத்தத்துக்கு இரண்டு பக்கமும் காவல். இடமிருந்து வலமாக எழுத்துக்கூட்டி வரும் குழந்தை இங்கே குழம்புவதில் ஆச்சரியமில்லை.

இதற்குப் பிள்ளைகளையே எழுத்தாக நிற்க வைத்து ஆடலாம். ஒருவர் கழுத்தில் 'க' அட்டை. இன்னொருவரிடம் துணைக்கால், வேறொருவரிடம் ஒற்றைக்கொம்பு, மற்றொருவரிடம் இரட்டைக்கொம்பு. 'கா' என்றால் கால் ஓடிவந்து வலப்பக்கம் நிற்க வேண்டும். 'கே' என்றால் கால் விலகி, இரட்டைக்கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். 'கோ' என்றால் இரண்டு பேரும் இரண்டு பக்கமும். எதிரே உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு சரியா தப்பா என்று சொல்லும். பார்க்கிறவர்களின் இடம் வலம்தான் கணக்கு என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நிற்கிற பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

சரி, 'கோ' நிற்கிறது. பக்கத்தில் 'டு' அட்டையோடு ஒருவரை நிறுத்தினால் கோடு. நடுவில் உள்ள 'க' மட்டும் போய் 'த' வரட்டும்: தோடு. அப்புறம் போடு, ரோடு. கொம்பும் காலும் அசையவே இல்லை, நடுவில் உள்ளவர் மாறினால் சொல்லே மாறிவிடுகிறது. கு, கூ வரிசைகளைத் தவிர, அட்டவணை முழுவதற்கும் உள்ள விதி இதுதான். அதை உடம்பால் செய்து பார்த்த குழந்தைக்கு அட்டவணை ஒரு விளையாட்டின் வரைபடமாகத் தெரியும். ஆட்டம் முடிந்த கையோடு அந்த நான்கு சொற்களையும் நோட்டில் எழுத வைக்க மறக்க வேண்டாம். ஓடியாடியது எழுத்தில் வந்து இறங்குவது அப்போதுதான்.

இப்படி ஒரு சொல்லைப் பிடித்து அதன் எழுத்துக் குடும்பத்துக்குப் போவது பெரியவர்களுக்கான கல்வியிலும் நடந்திருக்கிறது. 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் நகரத்தில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெயரேயும் அவர் குழுவும் 300 தொழிலாளர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தபோது, செங்கல் போன்ற அவர்களின் அன்றாடச் சொற்களைத்தான் எடுத்தார்கள். முதலில் அதைப் பற்றிப் பேச்சு, பிறகு அந்தச் சொல்லை அசைகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு அசைக்கும் அதன் வரிசை, அந்த வரிசைகளிலிருந்து புதுச் சொற்கள். 1990-களில் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் நடந்த அறிவொளி என்ற முதியோர் எழுத்தறிவு இயக்கத்தின் தொடக்கப் பாடங்களில் 'பட்டா' என்ற சொல் இருந்தது. நிலமில்லாத உழைப்பாளிகளுக்கு அந்தச் சொல் என்ன அர்த்தம் தந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆளுக்கொரு சொல்

குழந்தைகளுக்கும் அப்படிப்பட்ட சொற்கள் உண்டு, ஆளுக்கு ஆள் மாறும். நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை, தினமும் காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும் "உனக்கு என்ன சொல் வேண்டும்" என்று கேட்பார். அதை ஓர் அட்டையில் பெரிதாக எழுதித் தருவார். குழந்தை விரலால் அதன்மேல் எழுதிப் பார்க்கும். மறுநாள் எல்லா அட்டைகளையும் தரையில் கொட்ட, அவரவர் சொல்லை அவரவர் தேடி எடுக்க வேண்டும். அடையாளம் தெரியாத அட்டையை எடுத்துப் போட்டுவிடுவார், அந்தச் சொல் குழந்தையின் மனதுக்கு நெருக்கமானதாக இல்லை என்று அர்த்தம். பேய், முத்தம் போன்ற பயமும் பாசமும் சார்ந்த சொற்கள் ஒரே பார்வையில் பதிந்துவிட்டதை அவர் கவனித்தார்.

நம் வகுப்பில் கேட்டால் ஜேசிபி, பரோட்டா, கொலுசு, அம்மாச்சி என்று வரும். எழுத்து கடினமாயிற்றே என்று மறுக்காதீர்கள். எழுதிக் கொடுங்கள். 'ஜேசிபி'யில் இரட்டைக்கொம்பும் மேல்விலங்கும் இருப்பதைப் பற்றி அந்தப் பையனுக்குக் கவலையில்லை, பார்த்ததும் வாசித்துவிடுவான். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் இதற்கு அருமையான அட்டை. ஆளுக்கொரு காலி டப்பா, அதில் அவரவர் சொற்கள். வாரக் கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் டப்பாவை வாசிக்கலாம்.

எழுத ஒரு காரணம் வேண்டும்

எழுத்துப் பயிற்சி என்றதும் பார்த்து எழுதுவதும் சொல்வதை எழுதுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. கை திருந்த அவை கொஞ்சம் தேவைதான். ஆனால் யாரோ ஒருவர் வாசிக்கப் போகிறார் என்று தெரிந்தால் குழந்தை எழுதும் விதமே மாறுகிறது. தினமும் இருவர் சத்துணவுக் கூடத்துக்குப் போய் சமையல் அக்காவிடம் கேட்டு, இன்றைய சாப்பாடு என்ன என்று வாசலில் உள்ள பலகையில் எழுதட்டும். 'சம்பர் சாதம்' என்று எழுதினால் அன்றைக்கே நாலு பேர் வந்து திருத்திவிடுவார்கள், ஆசிரியர் சிவப்பு மையைத் திறக்கவே வேண்டியதில்லை.

விடுகதை இன்னொரு நல்ல காரணம். 'வெள்ளை ராஜாவுக்குக் கறுப்பு உடை' என்று அட்டையின் முன்பக்கம், 'உளுந்து' என்று பின்பக்கம். வாசித்தால்தான் விடை தெரியும். இப்படிச் சில அட்டைகள் பழகிய பிறகு, வீட்டுச் சமையலறையில் ஒரு பொருளை எடுத்து அதற்கு இரண்டு வரி விடுகதை எழுதிவரச் சொல்லலாம். பிஸ்கட் உறை, பஸ்ஸின் பெயர்ப்பலகை, கடைப் பலகை என்று தெருவில் கிடைக்கும் எழுத்துகளைச் சேகரித்து ஒட்டுவதும் உண்டு. அதைச் சொல்லிவிட்டாலே பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

பிழை திருத்தும்போது ஒரு பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். இந்த வாரம் புள்ளி, அடுத்த வாரம் குறில் நெடில். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் உடனே போகாது. பேச்சில் வேறுபாடு மங்கிப்போன எழுத்துகளைக் காது பிரித்துத் தராது, அடிக்கடி வாசித்த கண்தான் பிரித்துத் தரும். அதற்குக் காலம் கொடுக்க வேண்டும். 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதிய பிள்ளைக்குப் பல்லி படத்தையும் பள்ளிக்கூடப் படத்தையும் அருகருகே வரைந்து பெயர் எழுதச் சொன்னால் அந்த இரண்டு சொற்களாவது நிலைத்துவிடும்.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகளில் இதெல்லாம் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் செய்ய முடியாது. பலகையில் நான்கு வரி எழுதுவதையும் உரக்க வாசிப்பதையும் மட்டும் விடாமல் செய்யலாம். இந்த இரண்டுக்கும் வகுப்புப் பிரிக்கத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்வதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதட்டும்.

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். மற்றவர்கள் முன்னால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதே அதற்கு அவமானம். அந்தப் பிள்ளையிடம் அதற்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். சைக்கிளுக்கு எப்படிப் பஞ்சர் ஒட்டுவது, கோழிக்குஞ்சை எப்படி வளர்ப்பது என்று. சொல்லச் சொல்ல ஆறு வரி எழுதுங்கள். சேர்ந்து வாசியுங்கள். மறுநாள் வரியை வெட்டுங்கள், அதற்கடுத்த நாள் சொல்லை. சரளமாக வந்துவிட்டதா, மனப்பாடமா என்று பார்க்க நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வந்துவிட்டால் அதைத் தெளிவாக ஒரு தாளில் எழுதவைத்து, கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும் போட்டு, ஒன்றாம் வகுப்புக்குப் போய் வாசித்துக் காட்ட அனுப்புங்கள். இப்படிச் சேரும் தாள்களை ஊசிநூலால் தைத்து வாசிப்பு மூலையில் வைத்துவிட்டால், அடுத்த வருடம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் தயார்.